கலப்படத்துக்கு ஒரு படம்

“இது ஏஐ, பாப்பா” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. நெல்லை நெல்லின் அளவுக்கே படம் எடுக்க வேண்டும். ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நெல்மணியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தால் படத்திலிருக்கும் நெல் அதன் அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தைக் கொண்டுபோய் அவர் கடை மேஜையில், அவர் மூக்குக்குக் கீழே வைக்க வேண்டும்.

அவர் எங்கள் ஊரில் விதைக்கடை வைத்திருப்பவர். நிலமும் உண்டு. எங்கள் வயலை ஒட்டி ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியது வரை அவருடையதுதான். என் தாத்தா அந்த நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அப்பா அங்கே கூலிக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சொந்தமாக வாங்கினார். அப்பாவுக்கும் கடைக்காரருக்கும் ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அப்பா அவரை “வாங்கய்யா” என்பார். அவர் அப்பாவை “வாப்பா” என்பார். இந்த ‘ங்க’ ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருப்பதை நான் ஆறாவது படிக்கும்போதே கவனித்துவிட்டேன். அப்பா கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

வைகாசியில் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் விதைத் திருவிழா நடந்தது. விவசாயிகள் தாங்கள் வைத்திருக்கும் நெல் ரகங்களைச் சாக்கில் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். சம்பாவுக்கு விதை வேண்டியவர்கள் பார்த்து வாங்கிப் போவார்கள். அப்பா தூயமல்லி வைத்திருந்தார். அவருடைய தூயமல்லிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. வயலில் வேற்றுக் கதிர் ஒன்று தலை நீட்டினால்கூடப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். அன்று பையோடு பத்துப் பேர் அவர் முன்னால் நின்றார்கள். நான் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் இயற்பியல் எடுக்கிறேன். அன்று லீவு போட்டுவிட்டு மரக்கால் பிடிக்க வந்திருந்தேன்.

கடைக்காரர் வந்தார். சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி, ஊதி, ஆள்காட்டி விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“என்னப்பா, ரெண்டு ரகம் கெடக்கு? இப்படி கலப்படம் பண்ணி விதைன்னு குடுத்தா, வாங்கிட்டுப் போறவன் கதி என்னாவறது?”

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அப்பா, “இல்லீங்கய்யா, சுத்தமா எடுத்ததுதாங்க” என்றார். அதற்குள் அவர் நெல்லைத் திரும்பச் சாக்கில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டிக்கொண்டார். அந்தத் தட்டலை நான் மறக்கப் போவதில்லை.

பையோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பையை மடித்தார்கள். ஒருவர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பிடி நெல்லைச் சாக்கின் மேலேயே பரப்பி, போனில் கிட்டப்போய் எடுத்து, பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி பொன் நிறத்தில் தகதகவென்று இருந்தன. எங்கே சார் ரெண்டு ரகம் என்று கேட்டேன். அப்பா ஐயா என்பவரை நான் சார் என்பது அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

“இது ஏஐ, பாப்பா. இந்த போனுங்க நெல்லுக்கு மீசையே வரைஞ்சு குடுக்கும். நாளைக்குத் தாலியும் கட்டிவுடும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் மரியாதைக்காக லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நெல்லின் உமி மேல் மெல்லிய ரோமங்கள் ஒழுங்காகச் சீவிவிட்டது மாதிரி ஒரே திசையில் கிடந்தன. அதே நெல்லைக் கண்ணாடி வில்லையில் பார்த்தால் ரோமம் அப்படிக் கிடக்கவில்லை. போன் தன் இஷ்டத்துக்குச் சீவியிருந்தது. அந்த மனுஷன் சொன்னது சரி. எதிரி சரியாகச் சொல்வதைப் போல எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை.

ஆனால் என்னிடம் சீவத் தெரியாத ஒரு கேமரா இருந்தது. திருவாரூரில் கல்லூரிக் கடைசி வருஷத்தில் நானே செய்தது. பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடி, முன்னால் லென்ஸ் மாட்டும் பலகை, நடுவில் மடிப்பு மடிப்பான துருத்தி. துருத்தியை அம்மா இரண்டு கறுப்புக் குடையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் மழை வந்தால் அந்தக் குடைகளின் பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவார். கேமராவுக்குள் போகும் பிலிம் ஒரு போஸ்ட் கார்டு அளவு. அசல் பிலிம் வாங்கக் கட்டாது. ஆஸ்பத்திரிக்குச் சாமான் விற்கும் கடையில் எக்ஸ்ரே பிலிம் கிடைக்கும். அதைச் சிவப்பு விளக்கில் நாலாக வெட்டிக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எங்கள் வீட்டில் சாமி மாடத்தில் எரியும் ஜீரோ வாட் பல்பு. நான் அதைக் கழற்றும்போதெல்லாம் அம்மா சாமியிடம் மன்னிப்புக் கேட்பார், நான் கேட்கவில்லை என்று.

மறுநாளே ஆரம்பித்தேன். அவசரம் எனக்குப் பிறவிக் குணம். ஆத்திரம் வேறு சேர்ந்துகொண்டது. ஆடியில் நாற்றங்கால் விதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் இன்னொரு விதைத் திருவிழா உண்டு. அங்கே அதே ஆட்கள் வருவார்கள், அவரும் வருவார். அதற்குள் அப்பாவின் சாக்கிலிருந்து அந்த வார்த்தையைத் துடைத்தாக வேண்டும்.

கேமராவில் இருந்தது கோபுரமும் தெப்பக்குளமும் எடுப்பதற்காக வாங்கிய லென்ஸ். நூற்றைம்பது மில்லிமீட்டர். ஒரு பொருளை அதன் அளவுக்கே எடுக்க வேண்டுமானால் கணக்கு எளிது. லென்ஸின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் பின்னால் பிலிம் இருக்க வேண்டும், அதே இரண்டு மடங்கு தூரம் முன்னால் பொருள் இருக்க வேண்டும். நூற்றைம்பதுக்கு முப்பது சென்டிமீட்டர். என் துருத்தி நாற்பது வரை நீளும். ஆக, போதும் என்று நினைத்தேன்.

முதல் பிலிமில் ஒன்றுமே இல்லை. துருத்தி நீண்டால் வெளிச்சம் நீர்த்துப்போகும் என்பதைக் குழந்தைகளுக்குப் போர்டில் எழுதிக் காட்டுகிறவள் நான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. நாலு மடங்கு நேரம் கொடுக்க வேண்டியதை ஒரு மடங்கு கொடுத்துவிட்டு இருட்டறையில் உட்கார்ந்து மருந்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் நேரம் சரி. நடுவில் நாலைந்து நெல் நன்றாக வந்தது, ஓரத்தில் இருந்ததெல்லாம் சோறாகக் குழைந்துவிட்டது. லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கினால் எல்லாம் கூர்மையாகும் என்று படித்திருக்கிறேன். பேராசையில் இருப்பதிலேயே கடைசித் துவாரத்துக்குப் போனேன். மூன்றாவதில் நடு நெல்லும் சேர்ந்து குழைந்தது. துவாரம் ஒரு அளவுக்கு மேல் சிறுத்தால் வெளிச்சமே சிதறத் தொடங்கிவிடும். இதுவும் நான் பாடம் எடுப்பதுதான்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். “கஞ்சி மாதிரி இருக்கு” என்றார். “இதையா அவரு மூஞ்சில வீசப் போற?”

தப்பு லென்ஸில் இல்லை. அது தூரத்தில் இருப்பதைப் பார்க்கவென்று செய்தது. கிட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது என்ன செய்யும்? எனக்கு வேண்டியது எதிரில் இருப்பதை அதே அளவில் பார்க்கவென்றே பிறந்த லென்ஸ். அப்படி ஒன்று உண்டா என்று இரண்டு நாள் தேடினேன். உண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ஆப்செட் அச்சகங்களில் ஒரு அறை நிறைய ஒரு கேமரா இருக்கும். கல்யாணப் பத்திரிகையின் எழுத்துகளை அட்டையில் வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டி, அதே அளவில் பிலிமாக எடுப்பார்கள். எழுத்து ஓரத்திலும் நடுவிலும் ஒரே கூர்மையாக இருந்தாக வேண்டும். நேர்கோடு வளையக் கூடாது. மாப்பிள்ளை பேரின் கொம்பு ஓரத்தில் மங்கினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

கும்பகோணத்தில் ஒரு அச்சகம் தெரிந்தது. நடத்துகிற அம்மாவுக்கு என் வகுப்பில் மகள் படிக்கிறாள். இப்போது எல்லாம் டிஜிட்டல். பழைய கேமரா இருந்த அறையில் தினசரிக் காலண்டர் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். அட்டைகளுக்குப் பின்னால் கேமராவின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. என்ன எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். நெல் என்றேன். யார் மேல் கோபம் என்று கேட்டார். நான் நெல் என்று மட்டும்தான் சொன்னேன், அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. கதையைச் சொன்னேன். அவர் அட்டைகளை நகர்த்திவிட்டு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

லென்ஸ் ஒரு தேங்காய் மூடி கனம் இருந்தது. இருநூற்று நாற்பது மில்லிமீட்டர். கூடவே ஒரு துணிப்பையில், போட்டோ பெரிதாக்கும் கருவியில் இருந்த எண்பது மில்லிமீட்டர் குட்டி லென்ஸ் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். அது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது கணக்கு உதைத்தது. இருநூற்று நாற்பதுக்கு இரண்டு மடங்கு நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். என் துருத்தி நாற்பது. எட்டு சென்டிமீட்டருக்காக விடுவதா? கொல்லையில் போர்வெல் போட்டபோது மிச்சமான பிவிசி குழாய் கிடந்தது. ஒரு சாண் அறுத்து, உள்ளே கறுப்படித்து, லென்ஸுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டினேன். கேமராவுக்கு யானைத் தும்பிக்கை முளைத்த மாதிரி ஆனது. நீள லென்ஸில் ஒரு சௌகரியம், நெல்லிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்கலாம். வெளிச்சத்தை லென்ஸ் மறைக்காது. இன்னொரு சங்கடம், இந்த லென்ஸில் ஷட்டர் கிடையாது. திறந்து மூடுவதற்கு ஊறுகாய் ஜாடியின் மூடி சரியாகப் பொருந்தியது.

சாக்கின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து மாற்றி மாற்றி நாற்பத்தொன்பது நெல் எடுத்தேன். வீடு கட்டியபோது மீந்த கறுப்பு டைல்ஸில் ஏழுக்கு ஏழாக, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். டைல்ஸை மனைப்பலகையில் சாய்த்து வைத்தேன். ஒரே அளவுப் படத்தில் ஒரு விசித்திரம் உண்டு. லென்ஸை முன்னே பின்னே நகர்த்தினால் கூர்மை வராது, படம்தான் பெரிதாகிச் சிறிதாகும். லென்ஸைத் தொடாமல் மனைப்பலகையை நூல் நூலாகத் தள்ள வேண்டும். அப்பா வயலில் இருந்தார். அம்மாதான் தள்ளினார். தேய்த்த கண்ணாடியில் நெல் தலைகீழாகத் தெரியும், அதனால் நான் முன்னே என்றால் பின்னே என்று அர்த்தமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். இல்லை, முன்னே என்றால் முன்னேதான்.

துவாரத்தை இந்த முறை நடுவாகவே வைத்தேன். கொல்லைக் கதவு வழியாக வரும் நிழல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. மின்விசிறி நிறுத்தியாயிற்று. மதியம் இரண்டரைக்கு டவுன் பஸ் போகும்போது வீட்டுத் தரை அதிரும். அது போகும்வரை காத்திருந்தேன். பிறகு மூடியை எடுத்துவிட்டு எண்ணினேன். நாற்பது வரை எண்ண வேண்டும். களத்தில் நெல் அளக்கிற அப்பாவின் வாய் என்னையறியாமல் வந்துவிட்டது. ஒன்று என்று சொல்லாமல், “லாபம், ரெண்டு, மூணு” என்று போனேன். மரக்காலில் நெல் அளந்தால் எங்கள் ஊரில் யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை.

கழுவி எடுத்த பிலிமை ஈரத்தோடு ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நாற்பத்தொன்பது நெல். ஓரத்து நெல்லும் நடு நெல்லும் ஒரே கூர்மை. உமியின் வரிகள், காம்பின் தழும்பு எல்லாம் தெரிந்தன. சாக்கிலிருந்து ஒரு நெல்லை எடுத்து மேலே வைத்தேன். படத்து நெல் அதன் அடியில் காணாமல் போனது. நான் கொல்லையில் ஒரு ஆட்டம் ஆடினேன். எதிர் வீட்டு ஆடு பார்த்தது.

ஆடி முடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோதுதான் மூன்று நெல்லுக்கு மூக்கு இல்லை என்பதைக் கண்டேன்.

நெகட்டிவில் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு கண்ணாடியாகவும் தெரியும். கறுப்பு டைல்ஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, நெல் கறுப்பாக இருந்தது. ஆனால் இரண்டாவது வரிசையில் ஒன்று, ஐந்தாவதில் இரண்டு, அந்த மூன்றுக்கும் நுனி கடித்து எடுத்த மாதிரி மறைந்திருந்தது. பிலிமில் தூசி என்று சொல்லிக்கொண்டேன். ஒட்டிய நெல்லையெல்லாம் பெயர்த்து, இடம் மாற்றி, அந்த மூன்றையும் தலைகீழாக ஒட்டி மறுபடி எடுத்தேன். மூக்கு இல்லாத மூன்றும் மாற்றி வைத்த இடத்தில் மூக்கு இல்லாமலேயே வந்தன. நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத ஊதாப் புள்ளி. எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பும் ஊதாவில் கலந்த சிவப்பும் கண் தெரியாது. அதனால் அந்தப் புள்ளி இருட்டோடு சேர்ந்துபோயிருக்கிறது. தூயமல்லிக்கு நுனியில் புள்ளி கிடையாது.

ஆக, இரண்டு ரகம். அவர் உள்ளங்கையில் ஊதிப் பார்த்ததும் சொன்னது. நான் அவரைக் குத்துவதற்கு ஒரு மாதமாகத் தீட்டிய கத்தி எங்கள் பக்கம் திரும்பி நின்றது. பிலிமைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எக்ஸ்ரே பிலிம் கையால் கிழியாது.

அப்பா வந்ததும் காட்டினேன். கை கழுவிவிட்டு, பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமலேயே அந்த மூன்றின் மேலும் விரலை வைத்தார். நம் வயலில் விளைந்தது இல்லை என்றார். பிறகு எப்படி வந்தது என்று கேட்டேன்.

“மெஷின்” என்றார்.

தையில் அறுப்பு நேரத்தில் திடீரென்று மேகம் கூடியது. பயிர் ஏற்கனவே பாதி சாய்ந்து கிடந்தது. ஈரத்தில் இறங்குகிற பெல்ட் வைத்த அறுப்பு மெஷின் ஊரிலேயே ஒன்றுதான் அன்று இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுத்து முடித்ததும் நேராக எங்கள் வயலில் இறங்கியது. ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு வரும் மெஷினின் வயிற்றில் பழைய வயலின் நெல் கொஞ்சம் தங்கியிருக்கும். விதைக்கு எடுக்கிறவர்கள் முதல் சுற்று நெல்லைத் தனியாகக் கொட்டச் சொல்வார்கள். அதைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். அன்று அப்பா வானத்தைப் பார்த்தார், சாய்ந்த பயிரைப் பார்த்தார், எல்லாவற்றையும் ஒரே தார்ப்பாயில் கொட்டச் சொல்லிவிட்டார்.

இதை ஏன் திருவிழாவில் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னான்னு சொல்றது? கலந்துருக்குன்னு ஒத்துக்கிட்டா, அவுங்க சொன்னது நெசமாயிடும்ல.”

“அவரு கலந்துருக்குன்னு சொல்லலப்பா. கலப்படம்னு சொன்னாரு.”

அப்பா என்னைப் பார்த்தார். கலப்பு என்பது நடந்துவிடுவது. காற்றில் நடக்கும், மெஷினில் நடக்கும், ஒரு மேகம் வந்தால் நடக்கும். கலப்படம் என்பது ஒருத்தன் செய்வது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன், மிளகில் பப்பாளி விதை போடுகிறவன் செய்வது. அந்த மனுஷன் என் அப்பாவை அந்த வரிசையில் நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார். ஒரு மாதமாக நான் துடைக்க நினைத்தது தப்பான கறை. எங்கள் நெல் சுத்தம் என்று காட்ட இனி முடியாது, காட்டவும் வேண்டாம். அந்தக் கடைசி இரண்டு மூன்று எழுத்தைத்தான் அவர் வாயிலிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

அடுத்த கேள்வி வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெஷின் எங்கிருந்து வந்தது? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அங்கே விளைந்தது யார் நெல்?

மறுநாள் விதைக்கடைக்குப் போனேன். அவர் வாசலில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த வயலில் தையில் அறுத்த சன்ன ரகம் விதைக்கு இருக்கிறதா என்று பவ்வியமாகக் கேட்டேன். அவ்வளவு பவ்வியம் எனக்கு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

“என்ன பாப்பா, போட்டோவ வுட்டுட்டு வெவசாயத்துக்கு வந்துட்டியா?” என்று சிரித்தார். உள்ளே போய் ஒரு பிடி அள்ளிவந்தார். காகிதத்தில் மடித்து நீட்டினார். “ஒங்கப்பன்ட்ட காட்டு. வெதைன்னா எப்படி இருக்கணும்னு பாத்துக்கட்டும். சுத்தமான நெல்லு, எங்க வயலுது.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ரொம்ப நன்றி சார், எங்கள் வயலுது என்று நீங்களே சொன்னது போதும் என்று மனதுக்குள் சொன்னேன். தெரு திரும்பும்வரை பொறுத்திருந்து காகிதத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் ஊதாப் புள்ளி.

வீட்டுக்கு வந்து சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மகிழ்ச்சி. அப்பா காகிதத்தைப் பிரித்து நெல்லை விரலால் பரப்பினார். நான் இன்னும் ஒன்று கேட்டேன். ஊதினதுமே ரெண்டு ரகம் என்று கண்டுபிடித்தவருக்கு, அந்த ரெண்டாவது ரகம் எது என்று தெரியாமலா இருந்திருக்கும்? தன் வயல் நெல்லைத் தெரியாமல் ஒருத்தர் விதைக்கடை வைத்திருப்பாரா?

அப்பா ஒரு நெல்லை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். காகிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

அவன் என்றார். என் இருபத்து நாலு வயதில் அந்த மனுஷனை அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். விதைத் திருவிழாவில் கடைக்காரர் வருவதற்கு முன்னால் நாலு வீட்டுக்காரர்கள் தூயமல்லி வாங்கிப் போயிருந்தார்கள். அவர்களிடம் நூற்றுக்கு ஆறு வேற்று நெல் இருக்கிறது, இதுதான் அடையாளம், பொறுக்கிவிட்டு விதையுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள் என்று முதலில் சொல்ல வேண்டும் என்றார். அதைச் செய்யாமல் அவரிடம் போய் நிற்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறை மட்டும் காட்டக் கூடாது, மூன்றையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சரி என்றேன். எனக்கும் அந்த மூன்றுதான் வேண்டும்.

ஊதாப் புள்ளி உலகத்தில் என் ஒருத்தன் நெல்லுக்கு மட்டும்தானா என்று கடைக்காரர் கேட்பார். கேட்பார் என்று எனக்குத் தெரியும், நான் அவர் இடத்தில் இருந்தால் கேட்பேன். அதனால் ஒரே அளவு போதாது. உமியின் முதுகில் ரோமம் எப்படிக் கிடக்கிறது, நுனி எந்தப் பக்கம் வளைகிறது, மீசை முறிந்த இடம் எப்படி இருக்கிறது, இதெல்லாம் தெரிய மூன்று மடங்காவது வேண்டும். இருநூற்று நாற்பது லென்ஸில் மூன்று மடங்கு எடுக்கக் கேமரா கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள வேண்டும். அத்தனை குடை எங்கள் வீட்டில் இல்லை. அச்சகத்து அம்மா துணிப்பையில் போட்டுக் கொடுத்த குட்டி லென்ஸ் எதற்கென்று இப்போது புரிகிறது. எண்பதுக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டர் போதும். சின்னப் படத்தைப் பெரிதாக்கவென்று செய்த லென்ஸ் அது. இங்கே வேலை அதேதான், ஆனால் சின்னது முன்னால், பெரியது பின்னால். அதனால் லென்ஸைத் திருப்பி, முதுகு நெல்லைப் பார்க்க மாட்ட வேண்டும். நெல்லுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நாலு விரல் அகலம்தான் இருக்கும். வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது; நெல்லை மல்லாத்தாமல், ஒருக்களித்து, முதுகு முழுக்க ஒரே தளத்தில் வருகிற மாதிரி ஒட்ட வேண்டும்.

பிவிசி குழாயைக் கழற்றிவிட்டேன். குட்டி லென்ஸைத் தலைகீழாகப் பிடிக்க ஒரு தகரத்தில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். கறுப்பு டைல்ஸில் மேலே அவர் காகிதத்தில் கொடுத்த நெல்லில் மூன்று, கீழே எங்கள் சாக்கிலிருந்து பொறுக்கிய மூன்று. எது யாருடையது என்று டைல்ஸின் முதுகில்தான் எழுதியிருக்கிறேன். படத்தை மேஜையில் வைத்து, உங்களுடையது எது என்று நீங்களே பிரித்துச் சொல்லுங்கள் சார் என்று அவரைத்தான் கேட்கப் போகிறேன். அவரால் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாமல் நிற்கும்போது அப்பா என் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வதை அவர் அப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொல்லும்போது கடைசியில் ஒரு ‘ங்க’ இருக்க வேண்டும்.

நாளை மதியம், இரண்டரை பஸ் போனதும், ஊறுகாய் மூடியை எடுக்கப் போகிறேன். இந்த முறை லாபத்தில் ஆரம்பித்து மூன்று நிமிஷமாவது எண்ண வேண்டியிருக்கும். அம்மா சாமி மாடத்துப் பல்பைத் தானே கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.